முதுமக்கள் தாழி: இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழகன்குளம், ஆற்றங்கரை, தேவிபட்டினம், திருப்புல்லாணி, சாயல்குடி பக்கத்து ஊர்களில் பழம்பொருள்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது எங்கே தொடங்கினாலும் கடைசியில் தாழியில்தான் வந்து நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளும், கிணறு வெட்டும் தொழிலாளர்களும், பெரியவர்களும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, உரிய விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மதமதக்கத் தாழி, மதமதக்கத் தாழின்னு பாட்டி சொல்லும். அப்படின்னா என்ன?

இறந்தவரின் உடலையோ எலும்புகளையோ வைத்து மண்ணில் புதைப்பதற்காகச் செய்யப்பட்ட பெரிய சுடுமண் கலம் அது. நூல்களில் முதுமக்கள் தாழி என்றும் ஈமத்தாழி என்றும் எழுதுவார்கள். பெரும்பாலானவை ஏறத்தாழ மூன்றடி உயரம் இருக்கும். வயிறு பருத்து, அடிப்பகுதி உருண்டையாகவோ கூம்பியோ அமைந்திருப்பதால் தாழி தரையில் தானாக நிற்காது. குழிக்குள் மண் அணைத்துத்தான் நிறுத்த முடியும். வீட்டுப் புழக்கத்துக்கென்று செய்யப்பட்ட பானை அன்று என்பதை இந்த அமைப்பே காட்டிவிடுகிறது.

ஓர் உடைந்த தாழியின் விளிம்புத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் இன்னும் சில செய்திகள் தெரியும். ஓடு விரல் பருமனுக்குக் கனமாக இருக்கும். உடைந்த வாயில் பரு மணலும், சில துண்டுகளில் உமி எரிந்துபோன சிறு துளைகளும் காணப்படும். கழுத்துக்குக் கீழே மண்ணைத் திரித்துக் கயிறு போல ஒட்டி, அதன்மேல் வரிசையாகக் கட்டைவிரலால் அழுத்திய பள்ளங்கள் சிலவற்றில் இருக்கும். குயவர் ஒருவரின் விரல் பதிந்த பள்ளத்தில் நம் விரல் பொருந்தும்போது, அதைச் செய்தவரும் நம்மைப் போன்ற மனிதரே என்ற எண்ணம் எவருக்கும் வரும்.

சாகாமக் கிடந்த கிழவன் கிழவியை உசுரோட உள்ள உக்கார வச்சு, சோறும் விளக்கும் வச்சு மூடிருவாங்களாமே, உண்மையா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இந்தக் கதை வழங்குகிறது. வயது மிகுந்து உடல் சுருங்கி, சாவும் வராமல் இருந்தவர்களை மாடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, பிறகு தாழியில் இட்டுப் புதைத்தார்கள் என்று சொல்வார்கள். இதுவரை நடந்த அகழாய்வுகளில் இதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

கிடைத்திருக்கும் சான்றுகளோ நேர்மாறானவை. பல தாழிகளில் முழு உடலே இல்லை. மண்டையோடும் கை கால்களின் நீண்ட எலும்புகளும் பொறுக்கி எடுத்து அடுக்கியது போலக் காணப்படுகின்றன. சதை முற்றும் நீங்கிய பிறகே எலும்புகளை இப்படி அடுக்க முடியும். முழு எலும்புக்கூடு குந்திய நிலையில் கிடைத்த தாழிகளும் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் அகழாய்வு செய்த தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அத்தகையவற்றைக் கண்டார். ஆனால் குந்திய நிலை என்பது தாழியின் வாய்க்கும் வயிற்றுக்கும் ஏற்ப உடலை மடக்கியதால் வருவது; உயிரோடு வைத்ததற்கு அது அடையாளமாகாது. மேலும், குழந்தைகளும் இளவயதினரும் இதே இடுகாடுகளில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். முதியோரைக் கழித்துவிடும் வழக்கமாக இருந்திருந்தால் அவர்களுக்கு அங்கே இடம் இருந்திருக்காது.

கதை எப்படி உருவாகியிருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. மண்ணில் புதைந்த பெரிய பானையைத் திறந்தவர்கள் உள்ளே எலும்போடு உணவுக் கலங்களையும் கண்டிருப்பார்கள். உண்கலம் இருந்தால் உண்பவர் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பே. ஆயினும், நம் முன்னோர் பெற்றோரை உயிரோடு புதைத்தவர்கள் என்ற பழியைச் சான்றில்லாமல் சுமத்துவது பெரிய அநீதி என்பதால், இந்தக் கேள்வி வரும் ஒவ்வொரு முறையும் நான் முழு விடையையும் சொல்லிவிடுகிறேன்.

எலும்பை மட்டும் எடுத்து வச்சாங்கன்னா, அதுக்கு முன்னாடி உடம்பு எங்க இருந்துச்சு?

உடலை முதலில் திறந்த வெளியில் இட்டிருக்கலாம், அல்லது தற்காலிகமாக ஒரு குழியில் புதைத்திருக்கலாம். சதை நீங்கிய பின் எலும்புகளைத் திரட்டித் தாழியில் இட்டு, அதனுடன் கலங்களும் கருவிகளும் வைத்து, மூடி கவிழ்த்து, இரண்டாம் முறையாகப் புதைத்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் இதை இரண்டாம் நிலை அடக்கம் என்பர். அப்படியானால் சாவுச் சடங்கு ஒரு நாளில் முடியவில்லை. குடும்பமும் ஊரும் இறந்தவருக்காக மறுபடியும் ஒருமுறை கூடியிருக்கின்றன.

நம் கடற்கரையில் வாழ்பவர்களுக்கு இது புரியாத செய்தி அன்று. எரித்த மறுநாள் எலும்பு பொறுக்கிக் கலயத்தில் இட்டு, சேதுக்கரைக்கோ இராமேசுவரம் அக்கினி தீர்த்தத்துக்கோ எடுத்து வருபவர்களை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அந்த வழக்கம் தாழியிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று வேண்டும். இறந்தவரின் எலும்பை இரண்டாம் முறை கையில் எடுப்பது அவமதிப்பு அன்று, கடமையே என்ற உணர்வைப் புரிந்துகொள்ள மட்டும் அது உதவும்.

அந்தக் காலத்துல எல்லாரையும் தாழியிலதான் புதைச்சாங்களா?

இல்லை. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, ‘சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்’ என்று ஒரே ஊரின் சுடுகாட்டில் ஐந்து வழக்கங்களை அடுக்குகிறது. எரிப்பவர், வெறுமனே இட்டுச் செல்பவர், குழி தோண்டிப் புதைப்பவர், தாழ்ந்த இடத்தில் அடைத்து வைப்பவர், தாழியால் கவிப்பவர் ஆகிய எல்லாரும் அருகருகே இருந்திருக்கிறார்கள்.

அகழாய்வுகளும் இந்தப் பன்மையையே காட்டுகின்றன. கொங்குப் பகுதியின் கொடுமணலில் கற்பலகைகளால் அறை அமைத்து, அதன் ஒரு பலகையில் வட்டத் துளையிட்டு, சுற்றிலும் கல்வட்டம் வைத்தார்கள். சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதியில் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகள் கிடைத்தன. கீழடியின் இடுகாடான கொந்தகையில் தாழிகளோடு, தாழியே இல்லாமல் மண்ணில் கிடத்திய எலும்புக்கூடுகளும் உண்டு. ஆகவே ‘அந்தக் காலத்து வழக்கம்’ என்று ஒன்றை மட்டும் சொல்ல வழியில்லை.

நம்ம பக்கம் ஏன் பெரிய பெரிய கல்லு வச்ச சமாதி இல்ல?

வைகை வண்டலும் கண்மாய்க் கரம்பையும் கடல் மணலுமான இந்தச் சமவெளியில் பெரும் கற்பலகைகள் எளிதில் கிடைக்காது, களிமண்ணுக்கோ பஞ்சமில்லை. ஆனால் கல் கிடைக்காததுதான் முழுக் காரணம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆதிச்சநல்லூரில் பரம்பு எனப்படும் பாறைப் பாங்கான மேட்டு நிலத்தைக் குடைந்து, அந்தக் குழிகளுக்குள்ளும் தாழியைத்தான் இறக்கியிருக்கிறார்கள். கல் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் தாழியைத் தேர்ந்தெடுத்த மக்கள் இருந்தார்கள் என்பதால், தென்பாண்டி நாட்டில் தாழி ஒரு விருப்பமான மரபாகவும் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தாழிக்குள்ள எலும்பைத் தவிர வேற என்ன இருக்கும்? தங்கம் இருக்குமா?

பெரும்பாலும் சிறு கலங்களே இருக்கும்: கறுப்பு சிவப்புக் கிண்ணங்கள், தட்டுகள், மூடிகள், அவற்றைத் தாங்கும் பிரிமனைகள். சிலவற்றில் நெல் அல்லது உமி, இரும்புக் கத்தி, வாள், ஈட்டி முனை, கல்மணிகள் கிடைக்கின்றன. கொந்தகைத் தாழிகளில் சூதுபவள மணிகள் கிடைத்துள்ளன. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் ஓர் ஈமக்குழியில் நான்கு கால் சாடி ஒன்று நெல்லோடு கிடைத்தது.

ஆதிச்சநல்லூர் இவற்றில் தனித்து நிற்கிறது. 1876இல் ஜெர்மானியரான யாகோர் அங்கே தோண்டிப் பல பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பின்னர் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். எருமை, பறவை போன்ற உருவங்கள் அமர்ந்த மூடிகளையுடைய வெண்கலக் கலங்களும், நெற்றியில் கட்டுவதற்கு இரு முனையிலும் துளையிட்ட மெல்லிய பொற்பட்டங்களும் அவருக்குக் கிடைத்தன. 2004–05இல் இந்தியத் தொல்லியல் துறை சிறு பரப்பில் அகழ்ந்தபோதே 160க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அவற்றோடு கிடைத்த ஒரு பானையோட்டில் மெலிந்து உயர்ந்த ஒரு பெண், மீனைக் கவ்விய கொக்கு, மான், முதலை ஆகியவற்றை மண்ணால் புடைப்பாக ஒட்டியிருந்தார்கள். பொற்பட்டத்தைவிட இந்த ஓட்டையே நான் பெரிய செல்வமாகக் கருதுகிறேன். அவர்கள் கண் எதைப் பார்த்தது என்பதைச் சொல்வது அதுதான்.

தங்கம் கிடைத்தவை மிகச் சில. தங்கத்தை நம்பித் தாழியை உடைத்தவர்களுக்குக் கிடைப்பது மண்ணும் ஓடுமே. அந்த உடைப்பில், எந்த எலும்பு எந்தக் கலத்தோடு இருந்தது, எது மேலே எது கீழே என்ற செய்தி நிரந்தரமாக அழிந்துவிடுகிறது.

ஒரே பானை உள்ள கறுப்பாவும் வெளிய சிவப்பாவும் எப்படி வந்துச்சு? சாயம் பூசுனாங்களா?

சாயமன்று, சூளையின் வேலை. கலத்தைக் கவிழ்த்து அடுக்கிச் சுடும்போது உட்புறத்துக்கும் விளிம்புக்கும் காற்றுப் போகாது. அங்கே புகைக்கரி படிந்து கறுக்கும். காற்றுப் படும் வெளிப்புறத்தில் மண்ணிலுள்ள இரும்புச் சத்து சிவந்துவிடும்.

சங்கப் பாட்டுல தாழி வருதா, இல்ல இது அதுக்கும் முந்தினதா?

இரண்டுமே உண்மை. தாழி வழக்கம் சங்கப் பாடல்களுக்கு முன்பே தொடங்கியது. பாடல்கள் எழுந்த காலத்திலும் அது வழக்கில் இருந்தது. புறநானூற்றின் 238ஆம் பாட்டில், கவிழ்த்த செந்தாழியின் மேற்புறத்தில் கழுகும் காக்கையும் கூகையும் அஞ்சாமல் கூடியிருக்கும் இடுகாடு வருகிறது.

256ஆம் பாட்டு இதைவிட நெஞ்சைத் தொடுவது. பாடியவர் பெயர் தெரியவில்லை. வழியில் கணவனை இழந்த ஒருத்தி, அவ்வூர்க் குயவரைக் ‘கலஞ்செய் கோவே’ என்று அழைக்கிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டே வரும் சிறு வெண்பல்லியைப் போல அவனோடு பல சுரங்களைக் கடந்து வந்தவள் நான். எனக்கும் அருள்செய்து ‘ஈமத் தாழி அகலிது ஆக வனைமோ’ என்று, இருவருக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். இரண்டாவது கேள்வியில் சொன்ன கதையை நம்புகிறவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை படிக்க வேண்டும். அன்புள்ளவரைப் பிரிய மனமில்லாத ஒருத்தி, தானே விரும்பி இடம் கேட்ட கலம் அது.

அழகன்குளத்துல அத்தனை வருஷம் தோண்டுனாங்களே, அங்க தாழியைப் பத்திப் பேச்சே காணோமே?

அழகன்குளத்தில் அகழப்பட்டது மக்கள் வாழ்ந்த மேடு. இறந்தவர்களின் இடுகாடு அன்று. வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள அந்த ஊரில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986–87 முதல் பல கட்டங்களாக அகழாய்வு நடத்தியது. தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள், சிறு சக்கரத்தை உருட்டிப் புள்ளிக் கோலமிட்ட ரௌலட்டட் பானையோடுகள், உரோமானியக் காசுகள், கப்பல் உருவம் கீறிய ஓடு என அங்கே கிடைத்தவை வாழ்வையும் வணிகத்தையும் பற்றியவை. முதுகுளத்தூர் பக்கம் தேரிருவேலியிலும் அத்துறை அகழாய்வு செய்திருக்கிறது.

பழைய ஊர்களில் குடியிருப்பும் இடுகாடும் தனித்தனியே இருந்தன. கீழடியில் வாழ்ந்தவர்களைப் புதைத்த இடம் கொந்தகை என்று கருதுகிறார்கள். அங்கே 2020 முதல் அகழாய்வு நடந்தது. ஒரு மேட்டில் தாழி இல்லை என்பதை வைத்து அவ்வூர் மக்களுக்குத் தாழி வழக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. கண்மாய்க்கு அப்பாலோ, பயிரிடாத மேட்டு நிலத்திலோ தேட வேண்டியிருக்கும்.

இறால் பண்ணைக்குக் குழி வெட்டுறப்போ பெரிய பானை வாய் தெரிஞ்சுச்சு. அது தாழிதானா?

உறுதியாகச் சொல்ல முடியாது. மண்ணுக்குள் பெரிய சுடுமண் கலம் இருந்தாலே தாழி என்று எண்ணிவிடுகிறோம். நீரும் தானியமும் சேமித்த குதிர்களும் பெரிய சாடிகளும் மண்ணில் கிடைக்கும். கடற்கரையில் அதிகமாகத் தாழி என்று தவறாக எண்ணப்படுவது உறைகிணறு. உறைக்கு அடியும் இல்லை, மூடியும் இல்லை. இரு பக்கமும் திறந்த வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். முதல் விடையில் சொன்ன கூம்பிய அடி, கனத்த ஓடு, மேலே கவிழ்த்த மூடி, உள்ளே சிறு கலங்கள் ஆகியவை சேர்ந்து இருந்தால் தாழியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் இதைச் சோதிப்பதற்காக உள்ளே கைவிட்டு மண்ணை அள்ள வேண்டாம். வாய் தெரிந்த நிலையிலேயே விட்டு, பக்கத்தில் ஓர் அளவுகோலையோ மண்வெட்டியையோ வைத்துப் படம் எடுத்து, குழியின் ஆழத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.

இத்தனை ஆயிரம் வருஷம்னு எப்படிக் கணக்குச் சொல்றாங்க? பானையில தேதியா போட்டிருக்கு?

தாழிக்குள் கரியோ நெல்லோ இருந்தால், அதிலுள்ள கதிரியக்கக் கரிமம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். உயிர் போன நாளிலிருந்து அது குறைந்துகொண்டே வரும். 5730 ஆண்டுகளில் பாதியாகும். பொருந்தல் நெல்லுக்கு இந்த முறையில் கி.மு. 490 என்ற காலம் கிடைத்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழியிலிருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் கணிக்கப்பட்டதை 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சுட்ட மண்ணையும் மணலையும் ஒளி உமிழ்வு முறையில் அளக்கும் வழியும் உண்டு. 2025 சனவரியில் வெளியான அரசு அறிக்கை, சிவகளை மாதிரிகளைக் கொண்டு இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டு சென்றது. அறிஞர்கள் அதைப் பற்றி விவாதித்து வருகிறார்கள்.

ஒரு தாழியின் நெல்லுக்குக் கிடைத்த காலம் அந்தத் தாழிக்கே உரியது. ஓர் இடுகாட்டில் பல நூற்றாண்டுகள் தொடர்ந்து புதைத்திருப்பார்கள். சிவகளையின் எண்ணை எடுத்து நம் ஊர்த் தாழிக்குப் போட்டுவிடக் கூடாது.

அவங்க நம்ம ஆளுங்கதானா? என்ன சாதி, என்ன மதம்?

சாதியையும் மதத்தையும் எலும்பு சொல்லாது. எலும்பு சொல்லக்கூடியவை வேறு. இடுப்பெலும்பையும் மண்டையோட்டையும் கொண்டு ஆணா பெண்ணா என்று கணிக்கலாம். பல் தேய்மானத்தைக் கொண்டு வயதைக் கணிக்கலாம். உள்காதைச் சூழ்ந்த கெட்டியான எலும்பிலும் பல்லிலும் மரபணு தங்கியிருந்தால் அதைப் பிரித்தெடுக்கலாம். கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளைக் கொண்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து இரு ஆண்களின் முகங்களை உருவாக்கி 2025இல் வெளியிட்டன.

ஆனால் நம் வெப்பமும், மழையில் நனைந்து கோடையில் காயும் மண்ணும் மரபணுவை விரைவில் சிதைத்துவிடும். பல தாழிகளில் எலும்பே மாவாகிக் கிடப்பதும் இதனால்தான். எங்கள் சாதியே தாழியில் புதைத்தது என்று யாராவது உரிமை கொண்டாடினால், மேலே சொன்ன மணிமேகலை வரிகளை நினைவுபடுத்துங்கள். இந்த நிலத்தில் இன்று கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் செல்லும் எல்லாருக்கும் அந்த இடுகாடுகள் பொதுவானவை.

எங்க போய்ப் பார்க்கலாம்?

அழகன்குளம் பொருள்களை இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்திலுள்ள அகழ்வைப்பகத்தில் பார்க்கலாம். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஆதிச்சநல்லூரில் அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய கள அருங்காட்சியகத்தில், தாழிகள் அகழ்ந்த குழியிலேயே இருக்க, மேலே பதித்த கண்ணாடித் தளத்தின் வழியாகப் பார்க்கலாம். பிள்ளைகளை முதலில் ஆதிச்சநல்லூருக்கு அழைத்துச் செல்லுங்கள்; தாழியைக் குழியோடு சேர்த்துப் பார்ப்பதற்கு ஈடில்லை.

எங்க நிலத்துல தாழி இருக்குன்னு சொன்னா நிலத்தைப் புடுங்கிக்குவாங்களே, சும்மா மூடிட்டா என்ன?

இந்த அச்சத்தினாலேயே பல தாழிகள் சொல்லாமல் உடைக்கப்படுகின்றன. ஒரு தாழி கிடைத்ததால் மட்டும் நிலம் அரசுடைமையாகிவிடாது. ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க முறையான அறிவிக்கையும், மறுப்புத் தெரிவிக்கக் கால அவகாசமும் சட்டத்தில் உண்டு. நூறு மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்று கேள்விப்படும் விதி, மத்திய அரசு அவ்வாறு அறிவித்த சின்னங்களுக்கு உரியது.

மறைப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. மண்ணில் கிடைக்கும் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. மறைத்தால் கண்டெடுத்தவர் தமக்குரிய பங்கை இழப்பதோடு தண்டனையும் பெறலாம். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்தில் தெரிவித்து, ஒரு படியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உடனடியாக வேலை நடந்தாக வேண்டும் என்றால், தாழியைத் தொடாமல் மேலே மணலிட்டு மூடி, அந்த மூலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வேலையைத் தொடரலாம். மண்ணுக்குள் இருப்பது தாழிக்குக் கேடன்று; பொக்லைன் வாளிதான் கேடு.

செத்தவங்களைத் தோண்டி எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில வைக்கிறது பாவமில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் மதிக்கிறேன். அந்த எலும்புகள் ஒருவருடைய தாயும் மகனுமாக இருந்தவர்கள். தேவையின்றி ஓர் இடுகாட்டைத் திறக்கக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடே. பொறுப்பான அகழாய்வில் முழு இடுகாட்டையும் தோண்டாமல், ஒரு பகுதியைப் பிற்காலத்து ஆய்வாளர்களுக்காக விட்டுவைப்பதும் இதை ஒட்டியதே.

ஆனால் சாலைக்கும் பண்ணைக்கும் செம்மண்ணுக்கும் எப்படியும் தோண்டப்படும் இடங்களில், நமக்கு முன்னால் இருப்பவை இரண்டு வழிகள்: இயந்திரம் நொறுக்கிப் போவது, அல்லது ஒருவர் அமர்ந்து தூரிகையால் மண் நீக்கி, படம் வரைந்து, எண்ணிட்டு எடுப்பது. இரண்டாவதையே நான் மரியாதை என்பேன். காட்சிக்கு வைக்கும்போது எலும்பை வேடிக்கைப் பொருளாக்காமல், அவர் எந்த வயதில் இறந்தார், அவரோடு எவற்றை வைத்துப் புதைத்தார்கள் என்று எழுதி வைப்பது அருங்காட்சியகங்களின் கடமை. அது எழுதப்படாத இடங்களில் பொறுப்பாளரிடம் கேட்பதற்குப் பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு.